பேயின் இடது பக்கம்

சுவரொட்டியில் இருந்த பேய்க்கு நெற்றியிலிருந்து காது வரை யாரோ ஒரு ஜன்னல் வைத்திருந்தார்கள்.

கிழித்திருக்கிறார்கள் என்பது ஊடகத்துறைத் தலைவரின் கட்சி. காலையில் தொலைபேசியிலும் அதையேதான் சொன்னார். மாணவர்கள் எடுத்த திகில் பட முன்னோட்டத்துக்குக் கல்லூரி முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறோம், எவனோ கிழித்துத் தள்ளியிருக்கிறான், சாயங்காலம் வெளியிலிருந்து நடுவர்கள் வந்து பரிசு கொடுக்கப்போகிறார்கள், அதற்குள் ஆளைப் பிடித்துக் கொடுத்தால் கல்லூரியை விட்டே துரத்திவிடுவேன் என்றார். துரத்துவதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் ஒரு துள்ளல் வந்தது.

பறக்கும்படை சுவரொட்டியில் மூக்கு உரசும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துப்பறியும் அலுவலகம் திறப்பதற்கு முன்னால் அந்த அம்மாள் தேர்வுக்கூடங்களில் காப்பியடிப்பவர்களைப் பிடிக்கும் பறக்கும் படையில் இருந்தவர். வேலை போனது, பெயர் போகவில்லை. அவர் கடைசியாகப் பிடித்த ஆள்தான் இப்போது பக்கத்தில் கைப்பை தூக்கிக்கொண்டு நிற்கும் உதவியாளன். சட்டைக் காலர், பேனா மூடி, பெல்ட்டின் உள்பக்கம் என்று இண்டு இடுக்கு விடாமல் துண்டுச்சீட்டு வைத்திருந்தவன் என்பதால் அவனுக்குப் பிட்டு என்று பெயர். பிடித்த அன்று, இந்த உழைப்பைப் படிப்பில் காட்டியிருக்கலாமே என்று எல்லோரும் சொல்வதை அவர் சொல்லவில்லை. இந்த உழைப்பை என்னிடம் காட்டு என்றார்.

"இது கிழிச்சது இல்ல சார்," என்றார் பறக்கும்படை. "வெட்டினது. கோவத்துல இருக்கறவன் மூலையைப் பிடிச்சு இழுப்பான். இங்க பிளேடு போயிருக்கு. அதுவும் நிதானமா, தையல்காரர் மாதிரி."

"எதிர்க்குழுப் பசங்களா இருந்தா மீசை வரைஞ்சிருப்பாங்க மேடம்," என்றான் பிட்டு. "மீசை வரையாத எதிரிய நான் எந்தக் காலேஜ்லயும் பார்த்ததில்லை."

துறைத்தலைவர் சிரிக்கவில்லை. அவர் கைப்பேசியை எடுத்து இரண்டடி பின்னால் போனார்.

"அருமை. அப்படியே இருங்க."

துறையின் இணையப் பக்கத்துக்கு ஒரு படம். 'விசாரணை தொடங்கியது.' அன்று காலையில் மட்டும் அவர் காவலாளியையும், காலியான அரங்கத்தையும், தன் தேநீர்க் கோப்பையையும் இதே 'அருமை, அப்படியே இருங்க' சொல்லிப் படமெடுத்திருந்தார். கோப்பைகூட அசையவில்லை.

பிட்டுவுக்கு ஏற்கெனவே மனசு சரியில்லை. உள்ளே நுழைந்ததும் வாசல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம், ஊடகத்துறைக்கு எப்படிப் போவது, பேய் வழியா மனுசன் வழியா என்று கேட்டிருந்தான். வரும் வழியெல்லாம் செதுக்கிக்கொண்டு வந்த நகைச்சுவை. அவள் முகத்தைத் திருப்பவே இல்லை. தூணோடு பேசிவிட்டு வந்தது மாதிரி இருந்தது.

ஊடகத்துறை இரண்டாவது மாடியில் இருந்தது. மின்தூக்கி இல்லை. ஊடகம் உயரத்தில் இருப்பது ஒரு குறியீடு என்று துறைத்தலைவர் ஏறிக்கொண்டே விளக்கினார். படிக்கட்டுச் சுவர் நெடுக அதே சுவரொட்டிதான். இருட்டான வகுப்பறைக் கதவு, கதவின் மேல் அறை எண், கதவுக்கு முன்னால் வெள்ளை உடையில் ஒரு பெண், இடது பக்க முகத்தை முழுசாக மறைத்து விழும் கூந்தல், கீழே சொட்டும் எழுத்தில் 'இறங்காதே'. பறக்கும்படை ஒவ்வொரு சுவரொட்டியின் முன்னாலும் நின்றார். வயசாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது என்று பிட்டு நினைத்துக்கொண்டான். நினைத்ததை வெளியே சொல்லாமல் இருந்ததற்காகப் பிறகு தன்னையே பாராட்டிக்கொண்டான்.

திரையிடும் அறையில் இயக்குநர் காத்திருந்தான். மூன்றாம் ஆண்டு மாணவன். அறைக்குள்ளும் தொப்பி, கழுத்தில் ஒருநாளும் ஊதாத ஒரு விசில். 'இறங்காதே' எத்தனை மணி நேரப் படம் என்று பிட்டு கேட்க, படம் கிடையாது என்றான். முன்னோட்டம் மட்டும்தான் பாடத்திட்டம். அதோடு ஒரு சுவரொட்டி, ஒரு சினிமாப் பத்திரிகை அட்டை, கடைசியாக இதையெல்லாம் ஏன் இப்படிச் செய்தோம் என்று ஒரு மதிப்பீட்டுக் கட்டுரை. பத்திரிகையும் கிடையாது, அட்டை மட்டும்தான்.

"பொண்ணும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. பத்திரிகை மட்டும் பிரமாதமா அடிச்சிருக்கீங்க," என்றான் பிட்டு.

இயக்குநர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு மாடிப்படி. கேமரா அடியில் இருக்கிறது. மேலிருந்து அந்த வெள்ளை உடைப் பெண் இறங்கி வருகிறாள், கைகளைத் தொங்கவிட்டு, கூந்தல் வலது பக்கம் வழிய, இடது பக்க முகம் நிலா மாதிரி தெரிய. நடுப்படியில் கால் வழுக்குகிறது. ஓர் அலறல். பிட்டு கைப்பையைக் கட்டிக்கொண்டான். உருண்டு வந்து கேமராவுக்கு முன்னால் இடது கன்னம் தரையில் பட விழுந்தவள் அசையாமல் கிடக்கிறாள். அவள் முகத்தைக் கேமரா மெதுவாக நெருங்கும்போது, தரைக்கு அடியிலிருந்து வருவது போல ஓர் உறுமல். எந்த மொழியிலும் சேராத, நீண்ட உறுமல். பிறகு தலைப்பு.

"அருமை," என்றார் துறைத்தலைவர் இருட்டில். "பார்க்கும்போதெல்லாம் அருமை. அந்தக் கடைசி ஒலி இருக்கே, அது பாதாளத்தோட குரல். ஒலி வடிவமைப்புக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன். என் பணிக்காலத்தில முதல் தடவை."

அந்த ஒலி எங்கே கிடைத்தது என்று பறக்கும்படை கேட்டார். இயக்குநர் தொப்பியைச் சரிசெய்தான். செட்டில் கிடைத்த ஏதோ ஒரு சத்தம், அதை இழுத்து மெதுவாக்கினேன், எல்லாப் பசங்களும் அப்படித்தான் செய்வாங்க, பேய்ச் சத்தத்தைக் காசு கொடுத்துக்கூட வாங்கலாம் என்றான். ஒரு கேள்விக்கு இத்தனை பதில் வந்ததும் பறக்கும்படை அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தேர்வுக்கூடத்தில் தண்ணீர் கேட்கிற மாணவனைப் பார்க்கும் பார்வை அது.

"விழற இடத்தை இன்னொரு தடவை போடுப்பா."

போட்டான். பாதியில் நிறுத்தச் சொன்னார். அவள் கால் இன்னும் மேல்படியில் இருந்தது. அடுத்த படியில் ஏதோ சிவப்பாகப் பளபளத்தது.

"ரத்தம் எப்ப வருது?"

"விழுந்தப்புறம் மேடம்."

"அவ விழறதுக்கு முன்னாடியே படியில இருக்கே?"

இயக்குநர் துறைத்தலைவரைப் பார்த்தான். துறைத்தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, அதுதான் முன்னறிவிப்பு, வரப்போகும் ரத்தம் முன்பே வந்து காத்திருக்கிறது, காலம் என்பது நேர்க்கோடு அல்ல என்றார். இயக்குநர் அவசரமாக அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டான்.

பறக்கும்படை விடவில்லை. முன்னோட்டத்தில் பேயின் வலது பக்கம் மறைந்திருக்கிறது, சுவரொட்டியில் இடது பக்கம் மறைந்திருக்கிறது, பத்திரிகை அட்டையிலும் இடது பாதி இருட்டு. ஏன்? ஆன்மாவின் இரு பாதிகள் என்றார் துறைத்தலைவர். அதையும் குறித்துக்கொண்டான். கணினியில் படத்தை இடவலமாகத் திருப்பியிருப்பார்கள் என்று பிட்டு தன் பங்குக்குச் சொன்னான். திருப்பியிருந்தால் கதவின் மேல் இருக்கும் அறை எண்ணும் திரும்பியிருக்கும், அது ஒழுங்காகத்தான் இருக்கிறது என்றார் பறக்கும்படை. பிட்டு தன் பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"இந்தப் பொண்ணு எங்க இருக்கா?"

துறைத்தலைவருக்கு முகம் கடுத்தது. நல்லா நடிக்கிறா, ஆனா பொறுப்பில்லை, படப்பிடிப்பு முடிஞ்சதிலிருந்து வகுப்புக்கே வர்றதில்லை என்றார். வருகைப்பதிவு குறைந்துபோய், தேர்வு எழுத அனுமதியே இல்லாத நிலை. அவர் மனசு வைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. போடுவதாகச் சொல்லியிருக்கிறாராம். சாயங்காலம் மேடையில் வந்து அந்த விழும் காட்சிக்கு எப்படிப் பயிற்சி எடுத்தாள் என்று நடுவர்களுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

படியிறங்கும்போது பறக்கும்படை மறுபடி ஒவ்வொரு சுவரொட்டியாக நின்றார். இறங்கும்போது எதற்கு மூச்சு வாங்க வேண்டும் என்று பிட்டு முதல்முறையாக யோசித்தான்.

"என்ன தெரியுது?" என்றார்.

"பேய் தெரியுது மேடம். முழுசா."

"அதான். கீழ்த்தளத்துல ஒண்ணு பாக்கியில்லாம வெட்டியாச்சு. மாடிப்படியில ஒண்ணுல கூடக் கை வைக்கல. கீழ ஆள் நடமாட்டம் ஜாஸ்தி, இங்க ஒரு ஈ காக்கா இல்ல. திருட்டுத்தனமா வெட்டறவன் எங்க வெட்டணும்?"

"சோம்பேறி ரௌடியா இருப்பான்."

"மாடி ஏறாத ஆளு. ரெண்டாவது மாடியில இருக்கற துறையில, மாடி ஏறாத ஆளு யாரு?"

பிட்டு இரண்டு படி இறங்கினான். மூன்றாவது படியில் நின்றான். "பேய்," என்றான்.

*

வாசல் பெஞ்சில் அவள் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். தூணோடு பேசியது போலிருந்தது என்று பிட்டு நினைத்துக்கொண்ட அதே பெண்தான் திரையில் விழுந்த பேய் என்று காவலாளி சொன்னார். மாடியில் வகுப்பு நடக்கும்போது அவள் கீழே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, தோழி அனுப்பும் பாடக் குறிப்புகளைக் கைப்பேசியில் படிப்பாளாம். தினமும் வருகிறாள், தினமும் வரவில்லை என்று பதிவாகிறது.

பிட்டு போன தடவை நின்ற அதே இடத்தில் போய் நின்று, "ஏங்க, பேய்க்குக் கூட வருகைப்பதிவு உண்டாங்க?" என்றான். அவள் தலை நிமிரவில்லை. பறக்கும்படை அவன் தோளைப் பிடித்து நகர்த்தினார். பெஞ்சைச் சுற்றிப் போய், அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் கேட்டார்.

"எவ்வளவு நாளாம்மா இடது காது கேக்கல?"

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

பிட்டுவுக்குத் தன் நகைச்சுவை தோற்கவில்லை, போய்ச் சேரவே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். படமுடியவில்லை.

அவள் கூந்தலை ஒதுக்கினாள். நெற்றியோரத்திலிருந்து காது வரை ஒரு தழும்பு. சுவரொட்டியில் ஜன்னல் இருந்த அதே இடம், அதே அளவு. சுவரொட்டிக்குப் படமெடுக்கும்போது கட்டு போட்டிருந்ததாகச் சொன்னாள். கட்டு தெரியாமலிருக்க, எடுத்த படத்தின் இடது பக்கத்தில் கணினியில் கூந்தலை வரைந்து ஒட்டினார்கள். அவள் முகத்தில் அவளுடையது இல்லாத ஒன்று அது மட்டும்தான். அதை மட்டும்தான் வெட்டினாள். மாடியில் இருப்பதையும் வெட்ட ஆசைதான், ஆனால் காதுக்குள் எங்கோ அடிபட்டதிலிருந்து படியைப் பார்த்தாலே தரை சாய்கிறது.

மீதியைப் பறக்கும்படை கேட்கக் கேட்கச் சொன்னாள். கதைப்படி பேய் படியிறங்கி வர வேண்டும், அவ்வளவுதான். விழ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வகுப்பில் துறைத்தலைவர் எப்போதும் சொல்லுகிற பாடம் ஒன்று உண்டு: பயத்தை நடிக்கச் சொல்லாதீர்கள், வரவழையுங்கள். இயக்குநர் நல்ல மாணவன். நடுப்படியில் சிவப்புச் சாயம் கலந்த சர்க்கரைப் பாகை ஊற்றிவிட்டு அவளிடம் சொல்லவில்லை.

"விழுந்ததும் கட் சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நான் எழுந்திரிக்கல. இன்னும் ஜாஸ்தியா தட்டினாங்க." அவள் அதை வேறு யாருக்கோ நடந்தது மாதிரி சொன்னாள். "எறும்பு வந்துச்சு மேடம். பாகுக்கு. என் கை மேல ஏறிப் போச்சு. அதைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன். யாரோ எழுந்திரிக்காதேன்னு சொன்னாங்க. யாருன்னு தெரியல, பாதி கேட்டுச்சு."

அம்மா வந்து கேட்டபோது துறைத்தலைவர் மிகவும் வருத்தப்பட்டாராம். விடுமுறை நாளில் மாணவர்கள் தாங்களாகவே எடுத்த படம், ஆசிரியர் யாரும் அங்கே இல்லை, ஒருத்தர் இருந்திருந்தால்கூடக் கல்லூரி பொறுப்பேற்றிருக்கும் என்றாராம். அம்மா அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"ராத்திரி பகலா அந்த முன்னோட்டத்தை எல்லாரும் பார்க்கறாங்க," என்றாள். "சூப்பர்ங்கறாங்க. செமங்கறாங்க. பயமா இருந்துச்சுன்னு ஒருத்தர் கூட இதுவரைக்கும் சொல்லல."

பிட்டு கைப்பேசியை எடுத்து, துறையின் இணையப் பக்கத்திலிருந்த அந்த முன்னோட்டத்தைப் போட்டான். எதைப் போட்டாலும் இரண்டு மடங்கு வேகத்தில் போடுவது அவன் வழக்கம். படிக்கிற காலத்தில் பாடப் பதிவுகளை அப்படிக் கேட்டுப் பழகி, கல்லூரி அவனுக்குக் கொடுத்த ஒரே கல்வியாக அது மிஞ்சியிருந்தது. திரையில் அவள் விறுவிறுவென்று இறங்கினாள், விழுந்தாள். பாதாளத்தின் குரல் வந்தது.

அவன் விரல் நின்றது. மறுபடி அந்த இடத்தை மட்டும் போட்டான். இன்னும் ஒரு படி வேகத்தைக் கூட்டினான்.

உறுமல் சுருங்கி, கட்டைக் குரலாகி, வார்த்தை வார்த்தையாகப் பிரிந்தது.

"அருமை. அப்படியே இரு. எழுந்திரிக்காதே."

மூன்று பேரும் அதைக் கேட்டார்கள். அவள் வலது காதைக் கைப்பேசியோடு ஒட்டிவைத்து இன்னொரு முறை கேட்டாள். காலையிலிருந்து அந்தக் குரல் ஒரு தேநீர்க் கோப்பையிடம்கூட இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"அவரு அங்க இருந்திருக்காரு," என்றாள்.

"இருந்தது மட்டுமில்ல," என்றார் பறக்கும்படை. "தன் குரலுக்குத் தானே முழு மதிப்பெண் போட்டிருக்காரு. காப்பியடிச்சவனைப் பார்த்திருக்கேன். தன் விடைத்தாளைத் தானே திருத்தி, அது தன்னுதுன்னே தெரியாதவரை இப்பதான் பார்க்கறேன்."

*

துறைத்தலைவரின் அறைக்குப் பறக்கும்படையும் பிட்டுவும் மட்டும் ஏறிப் போனார்கள். ஆள் கிடைத்தானா என்று அவர் ஆவலாகக் கேட்டார். அதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள் என்று பிட்டு கைப்பேசியை மேசையில் வைத்தான்.

கேட்டார். பிறகு நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். இது நான் வகுப்பில் அடிக்கடி சொல்கிற வார்த்தை, பாடப் பதிவிலிருந்து யாராவது எடுத்துச் சேர்த்திருக்கலாம் என்றார்.

"எழுந்திரிக்காதேங்கறது எந்தப் பாடத்துல வருது சார்?"

எட்டிப் பார்க்கத்தான் வந்தேன், அவள் நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன், எல்லோரும்தான் கை தட்டினார்கள் என்று துறைத்தலைவர் மூன்று வாக்கியம் சொன்னார். மூன்றுமே உண்மைதான் என்று பிட்டுவுக்குத் தோன்றியது. அதுதான் எரிச்சலாக இருந்தது. அடுத்த வாக்கியத்தில் அவர் பழையபடி துறைத்தலைவராகிவிட்டார். சுவரொட்டியை வெட்டியது யார் என்று தனக்கு இப்போது புரிகிறது, நடவடிக்கை எதுவும் இல்லை, வருகைப்பதிவிலும் கையெழுத்துப் போட்டுவிடலாம், மேடையில் பயிற்சி எடுத்தேன் என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். வருடம் வீணாகாது. பெண்பிள்ளை படிப்பு.

"அவகிட்ட சொல்றேன்," என்று பறக்கும்படை எழுந்தார். "முடிவு அவளுது."

கீழே வந்து சொன்னார், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். சொல்லாவிட்டால் தேர்வு போய்விடும், வீட்டில் என்ன சொல்வாய் என்றும் கேட்டார். அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை.

"அரங்கத்துல இந்த வேகத்துல போட முடியுமா?" என்று பிட்டுவிடம் கேட்டாள்.

பெல்ட்டின் உள்பக்கத்தில் ஒரு முழுப் பாடத்தையே ஒளித்தவனிடம் கேட்கிற கேள்வியா அது. இயக்குநரின் மடிக்கணினிக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, தொப்பி எங்கே வாங்கினீர்கள் என்று பேச்சுக் கொடுத்தால் போதும்.

அரங்கம் கீழ்த்தளத்தில் இருந்தது, அவளுக்கு அது ஒரு வசதி. மேடைக்கு ஏறும் இரண்டு படிகளில் பறக்கும்படையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுவர்கள் முதல் வரிசையில், அவர்களுக்கு நடுவில் துறைத்தலைவர். விளக்கு அணைந்தது. திரையில் அவள் படியிறங்கினாள், வழுக்கினாள், அலறினாள், விழுந்தாள். கேமரா நெருங்கியது. பாதாளம் வாயைத் திறந்தது.

"அருமை. அப்படியே இரு. எழுந்திரிக்காதே."

ஒலிபெருக்கி அதை அரங்கத்தின் கடைசி நாற்காலி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. தங்கள் துறைத்தலைவரின் குரல் தெரியாத மாணவன் அங்கே ஒருவனும் இல்லை. விளக்கு வந்தபோது அவள் ஒலிவாங்கியின் முன்னால் நின்றாள்.

"நான் பயிற்சி எடுக்கல. நடிக்கவும் இல்ல. படியில பாகு ஊத்தியிருந்தது எனக்குத் தெரியாது. விழுந்தேன். இந்தக் காது கேக்காது. எழுந்திரிக்காதேன்னு சொன்னவர் இங்கதான் உக்கார்ந்திருக்கார்."

கூந்தலை ஒதுக்கித் தழும்பைக் காட்டினாள்.

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

விசில் பறந்தது. மூத்த நடுவர், விளம்பரப் படம் எடுக்கிறவர், ஒலிவாங்கியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். அசந்துவிட்டேன் என்றார். வெட்டப்பட்ட சுவரொட்டிகளை உள்ளே வரும் வழியில் பார்த்தபோதே சந்தேகம் வந்ததாம், இப்போது எல்லாம் சேர்ந்துவிட்டதாம். முன்னோட்டம், சுவரொட்டி, நடிகை, பேயாக ஆசிரியரே வருவது, எல்லாம் ஒரே கதை, திரையை விட்டு வெளியே வந்து நம் பக்கத்தில் உட்காருகிற கதை. அந்தத் தழும்பு ஒப்பனை யார் செய்தது என்று கேட்டார். முதல் பரிசு என்றார். சுவரொட்டிக்குத் தனிப் பரிசு என்றார்.

பிட்டு மடிக்கணினிக்குப் பின்னாலிருந்து முதல் வரிசையைப் பார்த்தான். அத்தனை பேரில் ஒருவர் மட்டும் கை தட்டவில்லை. கைகள் இரண்டும் மடியில் கிடக்க, யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. நடுவர் குலுக்கக் கையை நீட்டியபோது, அதைப் பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல் கொஞ்சம் தாமதித்துத்தான் பிடித்தார்.

அவள் மேடையிலிருந்து இறங்கி யாரையும் பார்க்காமல் நடந்தாள். வாசல் பெஞ்சுக்கு அவர்கள் மூவரும் வந்து சேர்ந்தபோது, பின்னால் இயக்குநர் ஓடி வந்தான். தொப்பி கையில் இருந்தது. சார் கையெழுத்துப் போட்டுவிட்டார், தேர்வு எழுதலாம் என்றான். வேறு எதுவும் யாரிடமும் பேச வேண்டாம் என்று சொல்லச் சொன்னாராம்.

"சார் ஏன் வரல?" என்றார் பறக்கும்படை.

"பரிசு வாங்கிக்கிட்டு இருக்கார் மேடம்."

அவன் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இடது பக்கம் நின்று எடுத்தான். அவள் திரும்பவில்லை. அவன், சொல்லியாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டு போய்விட்டான்.

அரங்கத்தில் இன்னும் கைதட்டல் ஓயவில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து, கேட்காத காதை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தர் பயந்தார்ங்க," என்றான் பிட்டு.

"என்ன?"

தப்பான பக்கம் நின்றிருந்தான். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் குனிந்தான்.

"இதுவரைக்கும் ஒருத்தர் கூடப் பயப்படலன்னு சொன்னீங்கல்ல. இன்னிக்கு ஒருத்தர் பயந்தார். கண்ணால பார்த்தேன். திகில் படம் பாஸ்."

அவள் சிரித்தாள். சின்னச் சிரிப்புதான், தழும்பு இழுத்ததால் பாதியில் நின்றுபோனது. ஆனாலும் அன்று முழுக்கப் பிட்டுவுக்குக் கிடைத்த ஒரே சிரிப்பு அது.

பறக்கும்படை அவள் முன்னால் கையை நீட்டினார்.

"பிளேடைக் கொடும்மா."

அவள் தயங்கிவிட்டு, பையின் ஓரத்திலிருந்து காகிதத்தில் சுற்றிய பிளேடை எடுத்துக் கொடுத்தாள். பறக்கும்படை அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மாடிப்படியை நோக்கி நடந்தார். சுவர் நெடுக முழு முகத்தோடு பேய்கள் காத்திருந்தன.

பிட்டு பின்னாலேயே ஓடினான். "மேடம், ஆளைப் பிடிச்சாச்சான்னு சார் கேட்டா என்ன சொல்றது?"

முதல் சுவரொட்டியில் பிளேடு இறங்கியது, நெற்றியிலிருந்து காதை நோக்கி, நிதானமாக.

"கையும் பிளேடுமா பிடிச்சாச்சுன்னு சொல்லு," என்றார். "பார்க்கணும்னா படியேறி வரச் சொல்லு."